மேகத்துக்குள் எக்ஸ்ரே

பாலக்கரையில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புவது என் வேலை. நான் படித்தது அஞ்சாவது வரைதான். பெண்கள் வந்தால், கர்ப்பமா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எனக்குக் கூச்சம். சுவரில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையைக் காட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். துணைக்கு வந்தவர்களை வெளியே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவேன். சிவப்பு விளக்கு எரிந்து அணையும்.

வளைகாப்புக்காக மகள் சிங்கப்பூரிலிருந்து வருவதற்கு முந்தின நாள், எங்கள் நிலையத்தில் எக்ஸ்ரே படம் எடுக்கும் தம்பி போனைப் பார்த்தபடி சொன்னான்.

"அண்ணே, நம்ம மெஷினெல்லாம் ஒண்ணுமே இல்ல. இடிமேகத்துலேருந்து காமா கதிர் பாயுதாம். மேல சுத்துற சேட்டிலைட் கண்டுபிடிச்சிருக்கு."

"எக்ஸ்ரே மாதிரியாப்பா?"

"அதைவிட வீரியம். கண் சிமிட்டுறதுக்குள்ள வந்துட்டுப் போயிடும். நாம கீழ இருக்கோம், காத்தே தடுத்துடும்."

"மேல இருந்தா?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, பாப்பா நாளைக்கு வருதுல்ல? பயப்படாதீங்கண்ணே. அதெல்லாம் ரொம்ப அபூர்வம். பைலட் இடிமேகத்துக்கிட்டயே போகமாட்டாரு."

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் செய்தேன். இந்த இடிமழை ஓய்ந்து வானம் தெளிந்தபின் வா என்று சொல்லத்தான் நினைத்தேன். ஏன் என்று கேட்டால் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டும். மகளிடம் அதை எப்படிப் பேசுவது?

"சாப்டியாம்மா?" என்றேன்.

"சாப்டேம்ப்பா. இதைக் கேக்கவா சிங்கப்பூருக்குப் போன் பண்ணீங்க?" என்று சிரித்தாள்.

மறுநாள் விமான நிலைய வாசலில் நின்றபோது முக்கொம்புப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. விமானம் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்றவர், "மேலயே வட்டமடிக்குதாங்க. எறங்க விடலையாம்" என்றார்.

மேகம் உள்ளுக்குள் பளிச்சென்று எரிந்து அணைந்தது. மறுபடியும் எரிந்தது. ஒவ்வொரு தடவையும் என் வலது கை தானாக முன்னால் போயிற்று, கதவை இழுத்துச் சாத்த. அங்கே கதவு எங்கே இருக்கிறது? யாரை வெளியே வரச் சொல்வது? கையை மடக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஒரே ஆட்டம்ப்பா. மின்னல் வெட்டுறப்பல்லாம் உங்க பேரப்புள்ள உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. நல்லதுதானே?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கும் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

"நல்லதுதாம்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.