மகஜரில் போட்ட கையெழுத்து

மரத்தை வெட்டியது நாங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வழக்கம்போல மழுப்பிவிடுவேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பஸ்ஸும் ஓடக்கூடாது என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். சொந்த நிலத்துத் தேக்கை வெட்டவே மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற ஊர் எங்களுடையது. அன்று காலையில், அரசாங்கம் நம்பர் எழுதி வைத்திருந்த நான்கு புளியமரங்களை ரம்பம் போட்டுச் சாய்த்தோம். ரம்பத்தின் ஒரு முனையை இழுத்தவன் நான். நாங்கள் கேட்டது நியாயம் என்று இன்றும் சொல்வேன். மரம் என்ன பாவம் பண்ணியது என்று மட்டும் அன்று எவனும் கேட்கவில்லை, நான் உட்பட.

அந்தச் சாலையில் தினக்கூலிக்குப் பள்ளம் அடைக்கிற ஒருவர் இருந்தார். காலனிக்காரர், என் அப்பா வயது. பல வருடக் கூலிக்குப் பிறகு அந்த வருடம்தான் அவரை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். போலீஸ் கேஸ் எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நாங்கள் மரம் அறுப்பதைப் பார்த்தவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மறியல் முடிந்ததும், மேஸ்திரி சொல்லி, கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டதும் அவர்தான். இரண்டு கட்டு விறகை வீட்டுக்கும் கொண்டுபோனார். சாய்ந்த மரத்தின் சுள்ளி எடுத்தவனுக்கே சொந்தம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை யாரும் திருட்டாக நினைத்ததில்லை.

போலீஸ் வந்தது. வெட்டியது யாரென்று ஊரில் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் கிடந்த விறகு அவர்கள் கண்ணில் பட்டது.

"யார்யா வெட்னது? சொல்லிட்டா உன்ன வுட்டுடறோம்" என்று அவரைக் கேட்டார்கள்.

கூட்டத்தோடு நின்ற என்னை அவர் ஒருமுறை பார்த்தார். "நான் பாக்கலீங்க" என்றார்.

அரசாங்க மரத்தை அவரே வெட்டித் திருடியதாக மகஜர் எழுதினார்கள். படித்த சாட்சி வேண்டும் என்றதும் கிராம நிர்வாக அதிகாரி என்னைக் கைகாட்டினார். முழுசாகப் படித்தேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே. ரம்பம் இழுத்துக் கொப்புளித்திருந்த உள்ளங்கையை மறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

ஜாமீனில் வந்தவர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. யாரு வெட்னாங்கன்னு நான் எங்கியும் சொல்லமாட்டேங்க. நான் வெட்டலன்னு மட்டும் ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. ஆபீசுல குடுத்துப் பாக்கறேன்."

"நாளைக்கு வா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"இன்னா சொல்றது?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"வூட்ல இல்லன்னு சொல்லு."

சொன்னாள்.

"பரவால்லம்மா. கழனிக்குப் போயிருப்பாரு, வரட்டும். நான் இப்பிடி ஓரமா குந்திகினு இருக்கேன்."

பொழுது சாயும்வரை அவர் எழுந்து போகவில்லை. நானும் வெளியே வரவில்லை.