முடி முந்துமா, சட்டம் முந்துமா

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், பாஸ்போர்ட் படத்தில் வகிடெடுத்து அடர்த்தியாகப் பின்னிய தலையோடு இருக்கும் தன் தங்கையைத் திருமலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுக் கூட்டிவந்த அண்ணன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதோடு விட்டேனா? துணைக்கு இருக்கட்டும் என்று நானும் போட்டுக்கொண்டேன். என் தலையில் எடுப்பதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. நாவிதரே ஒரு நிமிடம் யோசித்தார்.

அவள் அப்போதே சொன்னாள். பெண்கள் முழு மொட்டைக்குப் பதில் நுனி முடியில் மூன்று கத்தரி கொடுத்தால் போதும் என்ற வழக்கம் மலையில் உண்டு.

“மூணு கத்தரி போதும்ணா. வேண்டிகினது நானு, எனக்குத் தெரியாதா?”

“விசா குடுத்த சாமிக்கு நுனி முடியா? அவரு உனக்கு நுனி விசாவா குடுத்தாரு?”

“போற எடத்துல மொட்டையா போய் நின்னா இன்னா நெனைப்பாங்க?”

“குவைத் வெயிலுக்கு நல்லது. பேன் வராது. வேலை குடுக்குற வீட்டம்மா உன்னைப் பாத்தவொடனே சந்தோஷப்படும்.”

சாமி பெயரை இழுத்தால் அவளால் மறுத்துப் பேச முடியாது. சந்தனம் பூசிய இரண்டு தலைகளோடு மலையிலிருந்து இறங்கினோம்.

என் யோசனையை அவள் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நகரியில் நாங்கள் இருவரும் வேலை செய்த விசைத்தறிக் கொட்டகை மூடிய பிறகு பிடித்த பிழைப்பு அது. எங்கள் பக்கத்திலிருந்து குவைத்துக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் என் இயந்திரத்தின் கண்ணாடிமேல் ஒருமுறை குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும். அதனால் வெளிநாடு போகிற சட்டம் முழுக்க எனக்கு அத்துப்படி என்று ஊர் நம்பியது. ஊரைவிட நான் அதிகமாக நம்பினேன்.

தங்கைக்கு இருபத்தெட்டு வயது. வேலை தேடிப் போன கணவர் போனவர் போனவர்தான். எட்டு வயது மகளைத் திருப்பதியில் விடுதியோடு இருக்கும் நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அதற்காகக் குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு வருடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்திடம் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டும். ஒன்பதோடு நின்ற அவள் அதற்காக அலைந்து அதையும் வாங்கிவிட்டாள். ஆனால் அந்த நாட்களில் பத்திரிகையில் ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வயது நிரம்பாத பெண்களை வீட்டு வேலைக்கு வெளிநாடு அனுப்புவதில்லை என்று விதி வரப்போகிறது; பரிசீலனையில் இருக்கிறது. வந்துவிட்டால் அவள் இரண்டு வருடம் உட்கார வேண்டும். அதற்குள் விசாவும் போய்விடும், அந்த வீடும் போய்விடும்.

நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போனோம். வழியில் மாநில எல்லை வந்தது. எங்கள் பெண்கள் பிரசவத்துக்கும் கத்தரிக்காய்க்கும் கடக்கிற எல்லை அது. யாரும் எங்கள் தலையைப் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் பயணச்சீட்டு இல்லாத என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனவளுக்குக் கண்ணாடி வழியாகக் கையாட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன். மூன்றாவது டீ ஆறுவதற்குள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்து நின்றாள்.

“இன்னா ஆச்சு?”

“போட்டோல கீறது நான் இல்லியாம்.”

“பின்ன யாராம்?”

“அத்த அவுங்க சொல்லல.”

பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எனக்கு முன்னாடி ஒரு பையன் நின்னுகினு இருந்தான். அவனும் மொட்டை. நம்ம மாதிரியே நேத்து போட்டது, சந்தனம்கூடப் போகல. என்ஜினீயராம், அமெரிக்கா போறானாம். ஆபீசரு அவனப் பாத்து சிரிச்சாரு. ‘திருப்பதியா? லட்டு எங்கப்பா?’ன்னாரு. முத்திரை குத்தி அனுப்பிட்டாரு.”

“உன்ன?”

“‘எதுக்கு முடி எடுத்த? யாரு எடுக்கச் சொன்னது?’ன்னாரு. எங்கண்ணன்னேன். ‘அண்ணனா, ஏஜென்டா?’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“ஜெராக்ஸ் கடைன்னேன். அதுக்கப்புறந்தான் அவுருக்கு சந்தேகமே ஜாஸ்தியாச்சு.”

அதற்குமேல் அவர் வயதைப் பார்த்திருக்கிறார். “முப்பதுக்குக் கீழே அனுப்பக் கூடாதுன்னு சட்டம் வரப்போகுது. அதுக்குள்ள ஓடிடலாம்னு பாக்குறியா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமா சார், அதுக்குத்தான் சார் சீக்கிரமா வந்தேன்” என்று இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். முடி வளர்ந்து, படத்தில் இருப்பது போல முகம் தெரியும்போது வா என்று அனுப்பிவிட்டார்கள்.

என் முட்டாள்தனத்தை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே மலை, ஒரே கத்தி, ஒரே சந்தனம். பட்டம் வாங்கின தலையில் இருந்தால் அது பக்தி, ஒன்பதாவது படித்த தலையில் இருந்தால் ஆள்மாறாட்டமா? சட்டம் இன்னும் வரவே இல்லை. வருமா வராதா என்பது சட்டம் போடுகிறவர்களுக்கே தெரியாது. அதற்குள் அது சென்னைக்கு வந்து, கவுன்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மலையில் எடுக்கிற பெண்களின் முடி ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து தரம் பிரித்து, சிக்கெடுத்து, பெட்டியில் அடுக்கி, கப்பலிலும் விமானத்திலும் வெளிநாடு போகும். கதவைத் திறந்துவிட்டோம், இனி சரக்கெல்லாம் தாராளமாகப் போகலாம், வரலாம் என்று சொல்கிற காலம். என் தங்கையின் முடியிடம் உனக்கு முப்பது ஆயிற்றா, பத்தாவது தேறினாயா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது முளைத்த தலைதான் என்னோடு திரும்ப ஊத்துக்கோட்டை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

ஊரில் டீக்கடைப் பெஞ்சில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தினமும் காலையில் பத்திரிகை படிப்பார். மகன் அமெரிக்காவில். என் கதையைக் கேட்டுவிட்டுத் தெலுங்கும் தமிழும் கலந்து ஆறுதல் சொன்னார்.

“மஞ்சிதே கதா, பாபு. ஆடவாள்ளகு ரக்ஷண. பொம்பளைங்களுக்குப் பாதுகாப்பு, நல்லதுக்குத்தானே கொண்டு வர்றாங்க.”

“உங்க பையன் போறப்ப முப்பது ஆயிடுச்சா சார்?”

“இருபத்திமூணு. அவன் சாஃப்ட்வேர் கதா!”

“அப்ப சாஃப்ட்வேருக்கு ரக்ஷண வேணாமா சார்? குளிர்ல தனியா கீறானே, பயமா இல்ல?”

அவர் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். பின்பக்கத்து விளையாட்டுச் செய்தியை நான் படித்தேன்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. குவைத்திலிருந்து கையில் சூட்டுத் தழும்போடு திரும்பிய ஒரு பெண்ணின் காகிதங்களுக்கு நானே நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மனுவுக்குமேல் மனு. எந்த மனுவுக்கும் பதில் வரவில்லை. அவளைப் பூட்டி வைத்த வீட்டின் கதவை யாரும் தட்டவில்லை. அந்த ஊரில் கதவைப் பூட்டினவனை விட்டுவிட்டு, இந்த ஊரில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைக்கிறார்கள். முப்பது வயதானவளைச் சுட்டால் சுடாதா? சத்தியவேடு பக்கம் தொழிற்பேட்டை வந்தபோது வெளிநாட்டு மேலாளர்களை மாலை போட்டு வரவேற்றார்கள். வருகிறவனுக்கு மாலை. போகிறவளுக்குக் கேள்வி.

இப்படியெல்லாம் நான் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, தங்கை தன் வேலையைப் பார்த்தாள். பயணச்சீட்டு முகவரிடம் போய்ப் பயணத் தேதியை மாற்றினாள். விசா காலாவதியாக இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. அந்த வீட்டம்மாவிடம் போனில் பேசி, காத்திருக்கச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள். மிச்சமிருந்தது முடிதான். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பாள். வீதியே நாறும்.

தினமும் காலையில் பத்திரிகை முழுக்கப் புரட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போவேன்.

“சட்டம் எவ்ளோ வளந்துகீது?” என்பாள்.

“இன்னும் பரிசீலனைதான். முடி எவ்ளோ?”

“வந்து பாரு.”

உற்றுப் பார்ப்பேன். முதலில் நிழல் மாதிரி இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆயிற்று. ஒருநாள் பத்திரிகையில் ‘விரைவில்’ என்று போட்டிருந்தது. அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. தலையைத் தடவிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வெங்காயம் தேய்” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு கை வெங்காயம் உரித்தாள்.

சீப்பு பிடிக்கிற அளவுக்கு முடி வந்ததும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். நடுவில் எடுத்த வகிடு கோடு போலத் தெரிந்தது. படத்தில் இருப்பது போலவே பொட்டு, அதே தோடு, அதே ரவிக்கை. விமான நிலைய வாசலில் மகள் அவள் முந்தானையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து அந்தக் கையை என் கையில் கொடுத்துவிட்டுத் தங்கை உள்ளே போனாள்.

இந்த முறை டீ குடிக்கப் போகவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது திறக்கும்போதெல்லாம் வெளியே வருவது அவள்தானோ என்று எட்டிப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து என் செல்போன் அடித்தது. உள்ளே யாரிடமோ கேட்டு வாங்கிய போனிலிருந்து பேசினாள்.

“முத்திரை குத்திட்டாங்கணா. உள்ள வந்துட்டேன். விமானத்துக்கு உக்காந்துகினு கீறேன்.”

மகளிடம் கொடுத்தேன். இருவரும் பேசினார்கள். போன் திரும்ப என் கைக்கு வந்தபோது, இத்தனை வாரமாக டீக்கடையில் சேர்த்து வைத்த கோபமெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது.

“அன்னிக்கு உன்ன அனுப்பின ஆபீசரு அங்க கீறாரா? கீறாருன்னா இந்தப் போனை அவர்கிட்ட குடு. நாலு கேள்வி கேக்கணும் நானு.”

“விமானம் கிளம்பினப்புறம் கேளு.”