ஏழு சென்டிமீட்டர் ஏறிய பந்தல்

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளிராஜனின் உயரம் 157.5 சென்டிமீட்டர். இது காலை ஆறு மணிக்கு அளந்தது. மாலை ஆறு மணிக்கு அளந்தால் 156.4. பகல் முழுக்க நின்று நடப்பதால் முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். சுருளிராஜன் மட்டும் அந்த 1.1 சென்டிமீட்டரைத் தன்னிடமிருந்து யாரோ தினமும் பிடுங்கிக்கொள்வதாக நினைத்தான்.

நான் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரன். பொதுப்பணித் துறையில் வாய்க்கால் நீர்மட்டம் குறிக்கும் வேலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். அளவு என்று வந்தால் இந்தத் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அவன் மனைவி பவானி பண்ணைப்புரத்துப் பெண். 161.2 சென்டிமீட்டர். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவர் மாப்பிள்ளையின் காலுக்குக் கீழே இரண்டு செங்கல்லை வைத்து, வேட்டியை இறக்கிவிட்டு மறைத்தார். ஆல்பத்தில் குறை தெரியாது. ஆனால் செங்கல்லை எடுத்த பிறகு மாப்பிள்ளை எங்கே போனார் என்று பெண் வீட்டார் தேடியதாக ஒரு கதை ஊரில் உண்டு. அதற்குப் பிறகு ஏழு வருடங்கள் அவன் பவானிக்குப் பக்கத்தில் சமதரையில் நின்றதை நான் பார்த்ததில்லை. கோவிலில் ஒரு படி மேலே நிற்பான். சாலையில் மேட்டுப் பக்கமாக நடப்பான்.

2024 பிப்ரவரியில், கால் எலும்பை வெட்டி, இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உயரத்தைக் கூட்டும் அறுவைச் சிகிச்சை ஒன்று இருப்பதைப் போனில் பார்த்திருக்கிறான். ஒரு பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்கு யாரிடமும் சொல்லாமல் போய்வந்தான். ஏழு சென்டிமீட்டர் கூட்டலாம் என்றார் டாக்டர். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் எலும்பை வெட்டி, வெளியே கம்பி வளையம் மாட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். எழுபது நாளில் ஏழு சென்டிமீட்டர். அதன்பின் எலும்பு கெட்டியாகவும் நடை பழகவும் ஏழெட்டு மாதம். ஜூலை 14 என்று நாள் குறித்தார்கள்.

பவானியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை.

"கால ஒடிக்க நாள் குறிச்சிட்டீக. நல்ல நேரம் பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் தயார் செய்துகொள்ளச் சொன்ன காரியங்களைச் சுருளிராஜன் ஒரு தாளில் எழுதி வந்திருந்தான். முதலாவது, சிகரெட்டை விடுவது. புகைத்தால் வெட்டிய எலும்பு ஒன்றுசேராது. நாளுக்கு நான்கு குடித்தவன், மார்ச் 3 காலை 9.40க்குப் பால் பண்ணைக்கு எதிரே கடைசி சிகரெட்டைக் குடித்தான். இரண்டாவது, கெண்டைக்கால் தசையை இழுத்துப் பழக்குவது. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நிற்பான். மூன்று நாள் அதைப் பார்த்த அவன் அப்பா ராக்கையா, நான்காம் நாள் கொத்தனாரை அழைத்து வந்து, சுவர் சாய்கிறது போலிருக்கிறது, பையன் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று காட்டினார்.

மூன்றாவது காரியத்துக்குத்தான் நான் வேண்டியிருந்தது. ஒரு மில்லிமீட்டரை ஒரே தடவையில் இழுக்க முடியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீதம், நாளுக்கு நான்கு தடவை கால் மில்லிமீட்டராக வளையத்திலுள்ள மரையைத் திருக வேண்டும். நேரம் தவறாமல் திருக ஓர் ஆள் வேண்டும். பவானி முடியாது என்று சொல்லிவிட்டாள். நான் ஒத்துக்கொண்டேன். ஒரு பழைய சைக்கிள் அச்சில் மரை மாட்டிப் பதினொரு நாள் பழகினேன்.

நான்காவதாக, வீட்டையும் வேலை செய்யும் இடத்தையும் தோதாக மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வாசற்படிக்குச் சரிவு போடுவதையும், கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்கக் கம்பி வைப்பதையும்தான் டாக்டர் சொன்னார். அவற்றைப் பவானியே ஆள் வைத்து முடித்தாள். சுருளிராஜனின் கவனம் தோட்டத்துக்குப் போயிற்று.

எங்கள் பக்கம் திராட்சைக் கொடி தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் படரும். கல் தூண் நட்டு, மேலே கம்பி பின்னுவோம். கம்பியை எந்த உயரத்தில் கட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தோட்டக்காரரை நிற்க வைத்து, அவர் தலைக்கு மேல் நான்கு விரல் விட்டுக் கட்டுவார்கள். சுருளிராஜன் தோட்டத்துக் கம்பி 165 சென்டிமீட்டரில் இருந்தது. வட்டாரத்திலேயே தாழ்வான பந்தல் அதுதான். குலை வாங்க வரும் கேரள வியாபாரி அங்கே மட்டும் முதுகை வளைத்தபடியே விலை பேசுவார். ஆனால் வேலைக்கு வரும் பெண்களுக்கு அந்தப் பந்தல்தான் பிடிக்கும். கையை அதிகம் தூக்க வேண்டியதில்லை. ஆள் கிடைக்காத நாட்களிலும் பஞ்சம்மாளும் அவள் கூட்டத்துப் பத்துப் பேரும் இவன் தோட்டத்துக்கு முதலில் வந்துவிடுவார்கள்.

ஜூன் 9, 10 தேதிகளில், பழைய கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்தது. கொடி மொட்டையாக இருக்கும் அந்தச் சில நாட்களில் மட்டும்தான் கம்பியில் கைவைக்க முடியும். தளிர் விட்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டால் அடுத்த கவாத்து வரை அசைக்கக் கூடாது. அடுத்த கவாத்து நவம்பரில். அப்போது அவன் கம்பி வளையத்தோடு கட்டிலில் இருப்பான். எனவே இப்போதே, தான் நிற்கப்போகும் 164.5 சென்டிமீட்டருக்கு மேல் நான்கு விரல் கணக்குப் போட்டு, 212 தூண்களுக்கும் இரும்புத் தொப்பி அடித்து மாட்டி, பந்தலை 172க்கு உயர்த்திவிட்டான். உயரத்தை அளந்து கொடுத்தவன் நான்தான். அளவு சரியாக இருந்தது. ஆனால் அவன் கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்பது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

கவாத்திலிருந்து இருபதாம் நாள் தளிர் கட்டும் வேலை தொடங்கியது. கை எட்டாமல் இல்லை. ஆனால் காலை ஏழரை முதல் முழங்கையைத் தோளுக்கு மேலேயே வைத்துக்கொண்டு யாரால் நிற்க முடியும்? பதினொரு மணிக்குப் பஞ்சம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள். நாளைக்கு வேறு தோட்டம் பார்த்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பதினொரு பேரும் போய்விட்டார்கள். சுருளிராஜனும் பவானியும் குலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி இறங்கி, அந்தி வரைக்கும் பதினான்கு கொடி கட்டினார்கள். தோட்டத்தில் இருந்தவை 640 கொடி. அறுவைக்கு இருந்தது பதினைந்து நாள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சின்னமனூரில் டயர் கடை வைத்திருக்கும் ராஜபாண்டியிடம் போய், லாரி டயரை அடுக்கி ஒட்டிச் சரியாக ஏழு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு ஜோடிச் செருப்புச் செய்துவந்தான். காலில் மாட்டிக்கொண்டு என் அளவுகோலுக்கு முன் நின்றான். 164.5. கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை.

மறுநாள் அல்லிநகரத்தில் ஒரு காதுகுத்து. செருப்பு மறையும்படி நீளமான பேன்ட் போட்டுக்கொண்டு, பவானிக்குப் பக்கத்தில், சமதரையில், 3.3 சென்டிமீட்டர் உயர்ந்து நின்றான். பவானியின் வகிட்டை அன்றுதான் முதன்முதலாக மேலிருந்து பார்த்ததாக என்னிடம் சொன்னான். கல்லில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான் என்பதைத் தவிர வேறு குறையில்லை. அறுவை செய்தே தீருவது என்று அவன் முடிவை இறுக்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கூலி பாக்கி வாங்க வந்த பஞ்சம்மாள் அந்தச் செருப்பைத் தோட்டத்தில் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இதே மாதிரி ஆளுக்கொன்னு குடுத்தா நாங்க வர்றோம். உங்களுக்கு மட்டுந்தான் தோளு வலிக்குமா?"

வேறு வழியில்லை. ராஜபாண்டி இரண்டு நாளில் பதினொரு ஜோடி முடித்தான். பவானி தனக்கும் ஒன்று சொல்லியிருந்ததால் பன்னிரண்டு. ஜூலை 3 காலை 7.20க்குப் பெண்கள் அனைவரும் வரப்பில் உட்கார்ந்து வார் கட்டினார்கள். கொஞ்ச நேரம் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். பிறகு வேலை ஓடியது. பழைய பந்தலில் ஓடியது போலவே ஓடியது. அன்று ஒரே நாளில் 118 கொடி.

சுருளிராஜன் வரிசையின் தலைப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பவானி கொடி கட்டியபடியே நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவள் இப்போது 168.2. அவன் 164.5. வித்தியாசம் மறுபடியும் 3.7.

"இப்ப எத்தன வேணும்?" என்றாள் பவானி. அவள் குரலில் கிண்டல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தளிரைக் கம்பியில் சுற்றிக்கொண்டேதான் கேட்டாள்.

அவன் வரிசை முழுக்க நடந்து போனான். ஒவ்வொரு பெண்ணும் அவனைப் பார்த்தது, முன்பு பார்த்த அதே உயரத்திலிருந்துதான். திரும்பி வரும்போது அவன் காலில் செருப்பு இல்லை. கையில் இருந்தது.

மத்தியானம் 2.15க்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. ஷெரின் என்று ஒரு பெண் பேசினாள். பதினொரு நாள்தான் இருக்கிறது, 12ஆம் தேதியே வந்து சேர்ந்துவிட வேண்டும், கூட யார் இருப்பார்கள் என்று கேட்டாள். ஏழுக்கு மேல் கூட்ட முடியுமா என்று இவன் விசாரித்தான். முழங்காலுக்குக் கீழே ஏழைத் தாண்ட டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள் அவள்.

"அப்ப வேணாம்மா. ஏழு பத்தாது" என்றான்.

ரத்துச் செய்தால் காரணம் பதிய வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சுருளிராஜன் பந்தலுக்குள் பார்த்தான்.

"இங்கன அம்புட்டுப் பேரும் ஏற்கனவே ஏழு வளந்துட்டாகம்மா."

சரி சார், குடும்பச் சூழ்நிலை என்று போட்டுக்கொள்கிறேன் என்றாள் ஷெரின்.

அக்டோபர் முதல் வாரத்தில் குலை வெட்டினார்கள். அந்த ஒரு போகம் மட்டும் கேரள வியாபாரி முதுகை வளைக்காமல் விலை பேசினார். நவம்பர் 6ஆம் தேதி கவாத்து முடிந்ததும், 212 தொப்பிகளையும் கழற்றிக் கம்பியை இறக்க இரண்டரை நாள் பிடித்தது. 165 என்று நான் ஒவ்வொரு மூலையிலும் அளந்து சொன்னேன். சுருளிராஜன் பவானிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று கம்பியின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பஞ்சம்மாள் கழற்றிய தொப்பிகளைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். சாக்கை அவன் முன்னால் வைத்தாள்.

"அடுத்து எப்ப வளர்றதுன்னாலும் கவாத்துக்கு ஒரு மாசம் முன்ன ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி. நாங்களும் தயாராகணும்ல."

சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டான்.