கூரை மேல் வீசிய பல்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, துடியலூர்ல எங்க ஊட்டு வாசல்ல நடந்ததுங்க இது. அப்ப மூணாவது படிச்சுக்கிட்டிருந்த என் பையன் சைக்கிளோட போய் கேட்டுல மோதிப்போட்டான். ஓடிப்போய்த் தூக்கினா வாயெல்லாம் ரத்தம். முன்பல்லு ஒண்ணு முழுசா கழண்டு கீழ கெடக்குது.

என் சம்சாரம் அன்னைக்குப் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தா. நான் ஒருத்தன்தான் ஊட்டுல. எனக்கு ஒரு விஷயம் தெரியலைன்னு ஒத்துக்கற பழக்கமே கெடையாதுங்க. "பால் பல்லுதான் கண்ணு, மறுபடியும் மொளைச்சுக்கும்"னு அவனைத் தேத்திப்போட்டு, பல்லை எடுத்துக் கூரை மேல வீசிட்டேன். விழுந்த பால் பல்லைக் கூரை மேல போட்டா புதுப் பல்லு சீக்கிரம் மொளைக்கும்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். எங்களுது மொட்டை மாடிங்கறதால, அவன் பல்லெல்லாம் பக்கத்து ஊட்டுத் தகரக் கொட்டாய் மேலதான் போகும்.

ரத்தம் நிக்கலை. தெரிஞ்ச பல் டாக்டருக்குப் போன் போட்டேன். அந்தம்மா பையன் வயசைக் கேட்டாங்க. எட்டுன்னேன்.

"அப்ப அது பால் பல்லு இல்லைங்க. இனிமே மொளைக்காது. பல்லு எங்கீங்க?"

"கூரை மேலங்க."

அந்தம்மா மளமளன்னு சொன்னாங்க: வேரைத் தொடாம மேல்பக்கத்தைப் பிடிச்சு எடுக்கணும், தேய்க்கக் கூடாது, பால்ல போட்டு அரை மணி நேரத்துக்குள்ள வந்தா திருப்பி வெச்சுப் பாக்கலாம்னு.

பக்கத்து ஊட்டு அக்காகிட்ட ஏணி வாங்கி ஏறிட்டேன். மேல இருந்தே, கொஞ்சம் பால் வேணுங்கன்னு கத்தினேன். அந்தக்கா நிதானமா, "ஏனுங் தம்பி, சக்கரை போட்டறட்டுங்களா?"ன்னு கேக்கறாங்க. பல்லுக்குங்கன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு அழுகையே வந்துருச்சு.

மேல பாத்தா, சருகுக்குள்ள ஒண்ணில்லை, மூணு பல்லு! அதுக்கு முந்தின வருஷம் வீசின பால் பல்லெல்லாம் அங்கயேதான் இருக்குது. இருந்த பதட்டத்துல எது எதுன்னு பாக்கத் தோணலை. மூணையும் பொறுக்கிப் பால் டம்ளர்ல போட்டேன். அந்தக்கா நைட்டி மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு, டம்ளரோட என் ஸ்கூட்டர்ல பின்னால ஏறிட்டாங்க. நடுவுல பையன். ஒரு சொட்டுப் பால் சிந்தலை.

டாக்டர் டம்ளரைப் பாத்துச் சிரிச்சுட்டாங்க. நீளமா வேர் இருந்ததை மட்டும் எடுத்துக் கழுவி, பழைய எடத்துல வெச்சுக் கம்பி கட்டினாங்க. எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம், இது ஏற்கனவே ஒருக்கா விழுந்து மொளைச்ச பல்லுன்னு அப்பாகிட்ட சொல்லலையான்னு அவனைக் கேட்டாங்க.

வீங்கின வாயோட அவன் சொன்னான்: "எனக்குத் தெரியுமுங்க. ஆனா அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன்."

அதுக்கப்பறம் அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சையெல்லாம் பண்ணினோம், இன்னும் கெட்டியா நிக்குது. மூணு பல்லுக் கதைய சொந்தக்காரங்க ஒவ்வொரு விசேஷத்துலயும் சொல்லிச் சிரிக்கறாங்க, நானும் சேந்து சிரிக்கறேன். ஆனா, பால் பல்லு இல்லைன்னு தெரிஞ்சும் அவன் என் பேச்சை நம்பிச் சும்மா நின்னானே, அதை நெனைச்சா மட்டும் இன்னிக்கும் எனக்குச் சிரிப்பு வர்றதில்லைங்க.