மதாமின் தகப்பன் எடுத்த படம்

பாரிசின் லாச்சப்பலில் தமிழ்க் கடைகளுக்கு மேலே, நான்காம் மாடியில் அந்த மதாம் தனியாக இருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். நான் புறநகரான சார்செலிலிருந்து ரயிலில் வந்து, காலையில் அவரைக் குளிக்கவார்த்து, மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவேன். ஐந்து வருடம் அதுதான் என் வேலை.

மதாம் ஸ்பெயினில் பிறந்தவர். அவருடைய தகப்பன் பேசாப்படக் காலத்தில் பார்சலோனாவில் பெயரெடுத்த நடிகர். படங்கள் பேசத் தொடங்கியதும் அவருடைய கீச்சுக் குரலைக் கேட்டுச் சனம் சிரித்ததாம். அதன்பின் கமராவுக்குப் பின்னால் போய் மூன்று படங்களை இயக்கினார். உள்நாட்டுப் போர் வந்தது. கைக்குழந்தையாக இருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லையை நடந்தே கடந்தார். பாரிசில் எந்த ஸ்டூடியோவும் அவரைச் சேர்க்கவில்லை. சாகும்வரை வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்.

அவருடைய படங்கள் எல்லாம் எரிந்துபோயின என்றுதான் மதாம் நம்பியிருந்தார். இளவயதுத் தகப்பனின் புகைப்படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். நானும் அப்படி வந்தவள்தான். அதை எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் ஸ்பெயினிலிருந்து கடிதம் வந்தது. தகப்பனின் படச்சுருள் ஒன்று அகப்பட்டிருக்கிறது, பாரிசில் காட்டப்போகிறோம், வாருங்கள் என்று. மதாம் என்னையும் வரச் சொன்னார். அது என் லீவு நாள். என் கணவருக்கு விருப்பமில்லை.

"லீவிலையும் அந்த மனிசிக்குப் பின்னாலையோ போகப்போறீர்?"

"அவ தேப்பனைப் பாக்கப் போறா. தனிய விடேலாதப்பா," என்றேன்.

பிற்பகல் காட்சி. படம் தொடங்கிக் கதாநாயகன் வந்ததும் மதாம் என் கையைப் பிடித்தார்.

"இது அப்பா இல்லை."

அது அவர் நடித்த படமல்ல, இயக்கிய படம். அரைமணி நேரம் மதாம் ஒவ்வொரு முகமாகத் தேடினார். எங்கும் அவர் இல்லை. ஏன்தான் கூட்டிவந்தேனோ என்றிருந்தது எனக்கு.

பிறகு ஒரு காட்சி. வெளியே போகப்போன வேலைக்காரி கதவின் கைப்பிடியில் கையை வைத்தபடி, தலையை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். மதாம் முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கதாநாயகனும் அதேபோலத் திரும்பினான். பிறகு ஒரு கிழட்டு நீதவானும்.

"அப்பா வேலைக்குப் போகும்போது அப்படித்தான் நின்று என்னைப் பார்ப்பார்," என்றார் மதாம் என் காதில். "எல்லாருக்கும் அவரே நடித்துக் காட்டியிருக்கிறார்."

அதன்பிறகு மதாம் தகப்பனின் முகத்தைத் தேடவில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவுமில்லை.

விளக்குப் போட்டதும் கடிதம் எழுதியவர் வந்து, ஏமாற்றமாக இருந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மதாம் இல்லையென்று தலையாட்டினார். அப்பா இயக்கிய மற்ற இரண்டு படங்களையும் தேடுவீர்களா என்று மட்டும் கேட்டார். தேடுகிறோம் என்றார் அவர்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். அடுத்த பனிக்காலத்தில் மதாம் காலமானார். அதுவரை ஒன்றும் வரவில்லை.