மூன்றாவது ஓலை

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் நகையைப் பற்றியும் ஆண்கள் பக்கம் பிரியாணியைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் மூன்று ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளைதான் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் பகுதியில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். அப்பா காலமாகிவிட்டார். பிரேசர் டவுனில் ஒரு சின்ன வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர் அம்மாள். அவரை எல்லோரும் மிஸ்ஸியம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு ஜெபக்கூட்டத்தில் மிஸ்ஸியம்மா ஒரு தீவைப் பற்றிப் பேசினார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. கரும்பாலைகள் பாதி மூடிக் கிடக்கின்றன, பிள்ளைகள் வயிற்றுப் பூச்சியாலும் காய்ச்சலாலும் சாகிறார்கள், மிஷன் நடத்தும் ஒரே மருந்துச்சாலையில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்றார். கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன நம் ஜனமும் அங்கே இருக்கிறது, அதனால் தமிழ் பேசும் நர்ஸ் ஒருத்தி வேண்டும் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். நான் நல்ல நர்ஸ். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. நான் ஊசி போட்டால், குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

செய்தி கேட்டு ஜோகுபாளையத்திலிருந்து பெரியப்பா வந்தார்.

"மேற்கிந்தியான்னா பம்பாய் பக்கம்தானே? ரயிலு நேரா போவுது. தீபாவளி லீவுக்கு வந்துட்டுப் போகலாம்" என்றார்.

எங்களுக்கு ஏது தீபாவளி லீவு என்று கேட்காமல், அம்மாவின் பள்ளிக்கூட உலகப்படத்தை எடுத்து விரித்தேன். அவர் விரலைப் பிடித்துப் பம்பாயில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். விரல் அரபிக்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவைத் தாண்டி, இன்னொரு பெரிய கடலையும் தாண்டி, ஈ உட்கார்ந்த மாதிரி இருந்த ஒரு புள்ளியில் போய் நின்றது.

"இவ்ளோ தூரமா? அப்புறம் எந்த மடையன் அதுக்கு இந்தியான்னு பேரு வெச்சான்?" என்றார். அம்மா படத்தைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தாள்.

எங்கள் சபை அதுவரை கடல் தாண்டி யாரையும் ஊழியத்துக்கு அனுப்பியதில்லை. சபையாரின் சம்மதம் வேண்டும் என்று மிஷன் கமிட்டியிலிருந்து சொல்லிவிட்டார்கள். எங்கள் போதகர் ஒழுங்கு என்றால் உயிரை விடுகிறவர். கல்யாண வயதுப் பெண்ணை வீட்டை விட்டு அனுப்பச் சபையின் சம்மதத்தை எப்படி வாங்குவது? அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. கல்யாண ஓலையையே எடுத்து, விவாகம் என்று வந்த இடத்தில் ஊழியம் என்று மாற்றி, முதல் ஞாயிறு வாசித்துவிட்டார்.

பாதிப்பேர் காதில் வழக்கம்போல் என் பெயரும் 'தடை' என்பதும் மட்டும்தான் விழுந்தன. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை என்ன வேலை, எவ்வளவு படிப்பு, ஏன் இவ்வளவு ரகசியம் என்று ஒரே விசாரணை. சாயந்திரத்துக்குள் நான் ஒரு தீவுக்காரனைக் கட்டிக்கொள்ளப் போவதாக அல்சூர் வரை பேச்சு பரவிவிட்டது. காய்கறிக்காரி எனக்குக் கொசுறாக ஒரு கட்டு கொத்தமல்லி கொடுத்து, "சந்தோஷமா இரும்மா" என்றாள். வாங்கிக்கொண்டேன். எதற்கு மறுக்க வேண்டும்?

இரண்டாம் ஓலைக்குள் விஷயம் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறு முன்வரிசையில் மிஸ்ஸியம்மா வந்து உட்கார்ந்தார். போதகர் ஓலையை வாசித்தார். கப்பல் எப்போது, பயணச் செலவு யாருடையது, எங்கே தங்குவேன் என்பதையும் விளக்கமாகச் சொன்னார். தடை உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்குப் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள்.

கோயிலுக்குள் பெண்கள் பாட்டைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத காலம் அது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "ஐயா, எனக்கு ஒரு தடை இருக்குதுங்க" என்றாள்.

போதகர் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உங்க மக விஷயத்துல நீங்களேவாம்மா?"

"ஆமாங்க. போறதுக்குக் கப்பல் டிக்கெட் இருக்குதுன்னு படிச்சீங்க. திரும்பி வர்றதுக்கு இருக்குதான்னு படிக்கலைங்களே."

போதகர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஊழியத்துக்குன்னு ஒப்புக்கொடுத்தவங்க திரும்பி வர்றதைப் பத்தி..." என்று ஆரம்பித்தார்.

"மிஸ்ஸியம்மாவும் ஒப்புக்கொடுத்தவங்கதானுங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி சீமைக்குப் போயி அவங்க அம்மாவைப் பாத்துட்டு வர்றாங்க. எங்க எல்லாருக்கும் பிஸ்கட்டு கூட கொண்டாராங்க. எனக்கும் ஒரே மகதானுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் ஊழியத்தை, என் தீவை, நான் ஆசையாகத் தைத்து வைத்திருந்த வெள்ளை உடுப்புகளை எல்லாம் அம்மா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டாள் என்று பட்டது. என் நினைப்பு தப்பாகவும் இல்லை. ஓலைக்குத் தடை வந்தால் விசாரித்து முடிக்கும்வரை காரியம் நடக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் போதகர் சட்டத்தை விடுவாரா? கமிட்டிக்குத் தகவல் போனது. நான் போகவேண்டிய கப்பல் நான் இல்லாமலே போனது. எனக்குப் பதில் வேறு ஆளைத் தேடப்போகிறார்கள் என்றும் காதில் விழுந்தது.

வீட்டில் நான் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். பிறகு அதுவும் தாங்காமல், "என்னை அனுப்ப உனக்கு மனசில்லைன்னா அதை நேரா சொல்லும்மா. டிக்கெட்டு மேல ஏன் பழி போடறே?" என்று கத்தினேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "மனசில்லைன்னா மொதல் ஓலையிலயே எந்திரிச்சிருப்பேன். வேற யாராச்சும் கேப்பாங்களான்னு மூணு ஞாயிறும் பாத்துட்டு இருந்தேன். நீயும் கேக்கலை" என்றாள்.

நான் ஏன் கேட்க வேண்டும்? கடவுள் வேலைக்குப் போகிறவள் திரும்பும் டிக்கெட்டைக் கேட்பதா? அப்படித்தான் அன்று நினைத்தேன். அந்தக் கோபத்தைத் தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். போகவேண்டும் என்ற வெறி இல்லாதவளை அந்தத் தீவுக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்? ஆனால் அம்மா நின்ற இடமும் சரியான இடம்.

மிஸ்ஸியம்மா ஒரு சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியை முழுதும் குடித்தார். அவருடைய தமிழில் மெதுவாக, "இது யாருக்கும் தோணவில்லை. எனக்கும் தோணவில்லை. அதுதான் வெட்கம்" என்றார். அம்மா அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "இப்ப தோணிச்சில்லங்க, போதும்" என்றாள். அவர் கமிட்டியோடு என்ன சண்டை போட்டாரோ, எனக்குத் தெரியாது. ஐந்து வருஷம் முடிந்ததும் லீவு, வெள்ளைக்கார ஊழியர்களுக்கு உள்ளதுபோல் வர டிக்கெட்டு, போக டிக்கெட்டு என்று முடிவாயிற்று. எனக்குப் பின்னால் போன நம் பெண்களுக்கும் அதுவே நடைமுறையானது.

அடுத்த ஞாயிறு போதகர் பெண்கள் பக்கம் பார்த்து, "தடை நீங்கிச்சாம்மா?" என்றார்.

அம்மா எழுந்து, "நீங்கிச்சுங்க ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தாள். பெரியப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தமாக ஆமென் போட்டார்.

நான் போனேன். ஐந்து வருஷம் கழித்து வந்து அம்மா கையால் சாப்பிட்டு, உடம்பு தேறி, என் விருப்பத்தோடு மறுபடியும் போனேன். அந்தத் தீவைப் போல் ஓர் ஏழை ஊரை நான் பார்த்ததில்லை. கூரை ஒழுகும் மருந்துச்சாலையில் கறுப்பர், நம்மவர் என்று எல்லோரும் விடியும் முன்பே வரிசையில் நிற்பார்கள். நான் நிறையப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தேன். அதையும் கூச்சமில்லாமல்தான் சொல்கிறேன்.

போன புதிதில் காலில் ஆறாத புண்ணோடு ஒரு பெண்மணி வந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவள் அம்மா வேலூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போனவள். மகள் பிறந்தது தீவில்தான். தமிழ் மட்டும் அப்படியே எங்கள் தண்டுக் கடைத்தெருவில் கேட்பதுபோல் இருந்தது. நான் புண்ணைக் கழுவும்போது, "நீ எப்பம்மா ஊருக்குத் திரும்புவே?" என்று கேட்டாள்.

"அஞ்சு வருஷம் ஆனதும்."

"அனுப்புவாங்களா?"

"அனுப்பித்தான் ஆகணும். எங்க அம்மா கோயில்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு கேட்டு வாங்கினாங்க" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் கட்டுப் போட்டு முடித்தேன். அவள் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க அம்மாவை மெட்ராஸ்ல கப்பலேத்தறப்ப, கரை பூரா ஜனம் நின்னுச்சாம். இவ திரும்பி எப்படி வருவான்னு ஒருத்தரும் கேக்கலியாம்."