பொங்கி வந்த சோயாப் பால்

என் சின்ன மகள் சாப்பிடும்போது எங்கள் வீட்டில் யாரும் அவள் தட்டைப் பார்க்க மாட்டோம். உதட்டையும் கழுத்தையும்தான் பார்ப்போம். பசும்பால் அவளுக்கு ஆகாது. வெறும் வயிற்றுவலி என்றால் பரவாயில்லை. ஒரு கரண்டி தயிர் உள்ளே போனாலே உதடு தடித்து, மூச்சு விசில் மாதிரி சத்தம் போடும். பால், தயிர், நெய், பன்னீர் எல்லாவற்றையும் டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"சோயா கொடுத்துப் பாருங்கள். ஆனால் சில பிள்ளைகளுக்கு அதுவும் ஆகாமல் போகும். கவனம்" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை எங்களோடு ஆட்டோவில் ஏறி, நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவுக்கு வந்து, வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். அங்கே ஒரு ஃபிளாட்டைக் காலி செய்தவர்கள், "வேணுமா?" என்று கேட்டு ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். பார்க்கக் கூஜா மாதிரி இருக்கும், மேலே கனமான மூடி. ஊறவைத்த சோயாவையும் தண்ணீரையும் போட்டு மூடினால், தானே அரைத்துத் தானே காய்ச்சிப் பாலாக்கித் தரும். வேறு ஒரு வேலையும் அதற்குத் தெரியாது. ஓடும்போது மூடிக்குள் ஏதோ ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். நோயாளி பெருமூச்சு விடுவது போலக் கேட்கும். பால் ஆகியிருக்கும் என்று நாம் நினைத்த பிறகும் அது நெடுநேரம் விடாது.

அந்தப் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிந்துவிடும். என் மனைவி அதைத் துணியில் கட்டி, மேலே தண்ணீர் நிறைத்த குக்கரைத் தூக்கி வைப்பாள். இறுகிய பிறகு வில்லை போட்டுத் தோசைக்கல்லில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வாட்டுவாள். கடையில் டோஃபு என்று விற்பது அதுதான். என் மகள் அதற்கு "என் பன்னீர்" என்று பேர் வைத்திருந்தாள். சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போகப் போக எனக்குப் பயம்தான் கூடியது.

என் மனைவியின் அண்ணன் அடுகோடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். மெஷினைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

"இத்துனூண்டு அடுப்படி. இதுல ஒத்த வேலைக்கு ஒரு மெஷினா? உனக்கு மிக்ஸி இல்லையா, துணி இல்லையா, அடுப்பு இல்லையா?"

"இடியாப்ப அச்சுகூட ஒத்த வேலைதான். அதுல நீ வெல்டிங்கா பண்றே?" என்றாள் என் மனைவி.

"அது கரண்ட்ல ஓடலயே! இது கெட்டா பழைய சாமான் எடுக்கிற குஜிலிக்காரன்கூட எடுக்க மாட்டான், பாத்துக்கோ."

இருவர் சொல்வதும் எனக்குச் சரி என்றே பட்டது. எங்கள் பரணில் முறுக்கு அச்சு இருக்கிறது, பணியாரக் கல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஆனால் அவை செய்கிற வேலை நம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இந்த மெஷினோ தன் வேலையை மூடி போட்டுக்கொண்டு செய்கிறது.

ஒரு ஞாயிறு காலை மெஷினிலிருந்து கருகல் வாசனை வந்தது. பிறகு நின்றுவிட்டது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொல்லல? எடு மிக்ஸிய" என்றார். அரைத்தார்கள், துணியில் பிழிந்தார்கள், பாலை அடுப்பில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்திலேயே வெள்ளை நுரை கிடுகிடுவென்று விளிம்புக்கு ஏறியது.

"பொங்கலோ பொங்கல்!" என்று மச்சான் கத்த, மகள் கை தட்டினாள். என் மனைவி சட்டென்று அடுப்பை அணைத்தாள்.

நம் வீடுகளில் பால் பொங்கினால் பால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது வீட்டில்கூடப் பொங்கவிட்டுத்தான் குடிபோகிறோம். அதனால் எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பயறின் பச்சை வாசனை மட்டும் அடித்தது. குடிக்க எடுத்த பாலில் ஏலக்காயும் வெல்லமும் போட்டு என் மனைவி அதை அடக்கினாள். அந்த வாசனை பிடிக்காமல் நான் வேண்டாம் என்றேன். மச்சானும் மகளும் ஆளுக்கொரு டம்ளர் குடித்தார்கள். அவர் அவசர வேலை என்று பட்டறைக்குக் கிளம்பினார். மீதிப் பாலை என் மனைவி திரித்துக் கட்டிக் குக்கருக்கு அடியில் வைத்தாள்.

விளையாடிக்கொண்டிருந்த மகள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள். சுவரில் சாய்ந்தாள். பிறகு வாந்தி எடுத்தாள், விடாமல் எடுத்தாள்.

என் மனைவி அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "உதடு தடிச்சிருக்கா? சொல்லுங்க, தடிச்சிருக்கா?"

பயத்தில் பார்த்தால் எல்லா உதடும் தடித்துத்தான் தெரிகிறது. அடுப்படியில் துணி மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் மூச்சைக் கேட்டுப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். ஆபத்தாக ஒன்றும் தெரியவில்லை என்றார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டபோது "சோயா" என்றோம். அவர் முகம் மாறியது. "அப்படியானால் அதையும் நிறுத்த வேண்டி வரலாம்" என்றார். என் மனைவி மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதையும் எடுத்துவிட்டால் இந்தக் குழந்தை தட்டில் என்னதான் வைப்பது?

அப்போது என் போன் அடித்தது. மச்சான்தான்.

"மாப்ள, காலைல இன்னாத்தக் கலக்கிக் குடுத்தா என் தங்கச்சி? கொடலே வெளிய வந்துடும் போலக்குது. வாந்தி நிக்கல."

என் மனைவி போனைப் பிடுங்கினாள். "அண்ணா, வாந்தியா? நெஜமாவே வாந்தியா?"

"ஆமாடி. அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷப்படறே?"

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஷ்டு ஹொத்து குதிசித்ரி?" என்று கன்னடத்தில் கேட்டார். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தீர்கள் என்று.

"உக்கி பந்த்து, இளிசிபிட்டே" என்றாள் இவள். பொங்கியது, இறக்கிவிட்டேன்.

அவர் விளக்கிச் சொன்னார். சோயாப் பால் வேகும் முன்னாலேயே பொங்கும். அது வெறும் நுரை. தீயைக் குறைத்து, கிண்டி, அதற்குப் பிறகுதான் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். வேகாத சோயா யார் வயிற்றையும் புரட்டும். அதையே குடித்த பெரியவருக்கும் இப்படி ஆகியிருப்பதால் இது அதுவாகத்தான் இருக்கும் என்றார். குழந்தை நன்றாகத் தேறிய பிறகு, வேகவைத்ததைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மூச்சு மாறினால் உடனே ஓடி வாருங்கள் என்றார்.

மூடிக்குள் ஏறி இறங்கியது என்ன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நுரை ஏற ஏற நிறுத்தி, மறுபடி மறுபடி காய்ச்சிக்கொண்டிருந்தது அந்த மெஷின். அந்த ஒரே வேலையை அது ஒழுங்காகச் செய்தது. ஒற்றை வேலைச் சாமான் வாங்குவது வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள், வேகும்வரை பக்கத்திலேயே நின்று.

மகள் தேறிய பிறகு வந்த ஞாயிறு, அகலமான பாத்திரத்தில் பால் ஏறியது. நுரை பொங்கியது. இந்த முறை யாரும் கத்தவில்லை. என் மனைவி கரண்டியை விடாமல் நின்றாள். பச்சை வாசனை போய், வேர்க்கடலை வேகிற மாதிரி ஒரு மணம் வந்த பிறகும் அவள் அணைக்கவில்லை.

ஆறவைத்து டம்ளரின் அடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தபோது மகள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

"மாமா மொதல்ல."

"நான் இன்னா உனக்கு சோதனை எலியா?" என்றார் மச்சான். சொல்லிக்கொண்டே ஒரு டம்ளர் நிறைய வாங்கிக் குடித்தார். வாசற்படியில் போய் உட்கார்ந்தார். மகள் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கையிலிருந்த பாலில் ஆடை படிந்தது.

"மாமா, இன்னும் நல்லாதான் இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

அவள் டம்ளரைத் தூக்கினாள்.